தீராத கணக்கு

மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த அமெரிக்கா, அந்த மண்ணுக்குச் செலுத்த வேண்டிய இழப்பீட்டை முழுமையாகத் தர வேண்டும். இரு நாடுகளும் செய்துகொண்ட 1986 ஒப்பந்தத்தில் கொடுத்த 15 கோடி டாலரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற வாதத்தை ஏற்க முடியாது.

1954 மார்ச் 1 அன்று அத்தீவுகளுள் ஒன்றான பிகினியில் வெடித்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு, கணித்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக, 15 மெகாடன் ஆற்றலுடன் சீறியது. தூளான பவளப்பாறை கதிரியக்கச் சாம்பலாகி ரோங்கெலாப் தீவில் கொட்டியது. விவரம் அறியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அங்கிருந்தவர்களை வெளியேற்றவே இரண்டு நாளாயிற்று.

சாம்பல் கண்ணுக்கு மறைந்தாலும் மண்ணில் தங்கிவிட்டது. களிமண் நிலமாக இருந்தால் சீசியம்-137 மண்துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும்; வேருக்கு அவ்வளவாகக் கிடைக்காது. பவளத்தீவு மண்ணில் களிமண்ணும் இல்லை, போதிய பொட்டாசியமும் இல்லை. குணத்தில் பொட்டாசியத்தை ஒத்த சீசியத்தை அங்குள்ள தென்னை தாராளமாக உறிஞ்சி, இளநீரிலும் பருப்பிலும் சேர்க்கிறது. தாழம்பழமும் ஈரப்பலாவும் அப்படியே. பிகினி பாதுகாப்பானது என்று 1968-இல் அதிபர் ஜான்சன் அறிவித்ததை நம்பிக் குடியேறியவர்களின் உடம்பில் சீசியம் ஏறியதால், 1978-இல் மீண்டும் அவர்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அந்தத் தீவில் வாழ்கிறவர் தேங்காய் தின்பார் என்பதுகூடவா கணக்கில் வராமல் போனது?

வழி இல்லாமல் இல்லை. பொட்டாசிய உரமிட்டால் தேங்காயில் சீசியம் வெகுவாகக் குறைவது பிகினியிலேயே நடந்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கலாம். ஆனால் வளமும் அதோடு போய்விடும். எதைச் செய்தாலும் பணம் வேண்டும். அந்த 1986 ஒப்பந்தத்தின்படி அமைந்த அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயம், 2001-இல் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. கிடைத்ததோ அதில் மிகச் சிறு பங்கு. மீதியைக் கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கை 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்துவிட்டது.

நிலைமை மாறினால் கூடுதல் நிதி கோரலாம் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. 2000-இல் மார்ஷல் அரசு அப்படிக் கோரியும் வாஷிங்டன் நிராகரித்தது. அதே நாட்டின் ரூனிட் தீவில் கதிரியக்க மண்ணைக் குழியில் கொட்டி கான்கிரீட்டால் மூடிய அமெரிக்கர்கள், அடியில் எந்தத் தடுப்பும் போடவில்லை. அதில் கலந்துள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். தீர்ப்பாயம் விதித்த தொகைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கட்டும். மண்ணை அளந்து சான்று தரும் பொறுப்பைத் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கும் சுயேச்சையான ஆய்வாளர்களிடம் விடட்டும்.