நாற்றம் யாருடையது?

"நாற்றம்! நாற்றம்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மனு எழுதுகிறார்கள், ஊருக்கு வெளியே புதுமனை கட்டிக் குடியேறிய கனவான்கள். மனு போகிறது, நகராட்சி வண்டி வருகிறது, சுருக்குக் கயிறு வீசப்படுகிறது. நேற்றுவரை நாலு பன்றி வைத்துப் பிழைத்த குடும்பம் இன்று வெறுங்கையோடு நிற்கிறது. அதே கனவான் வீட்டு விருந்திலே டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி வந்தால் அது நாகரிகம்; அதை வளர்த்தவன் பக்கத்துத் தெருவிலே குடியிருந்தால் அது சுகாதாரக் கேடு! நன்றாயிருக்கிறது நியாயம்!

தோழர்களே, பன்றி பிறவியிலேயே நாற்றம் பிடித்த பிராணியா? இடம் தாராளமாயிருந்தால், படுக்கிற இடத்தை விட்டு ஒதுங்கிப் போய்க் கழிவிடும் பிராணி அது. சேற்றில் புரளுகிறதே என்பீர்கள். வியர்த்து உடலைக் குளிரவைக்க அதனால் முடியாது. வெயிலுக்குச் சேறுதான் அதன் விசிறி. அதைச் சிமெண்டுத் தரையில் நெருக்கி அடைத்து, சாணத்தோடு மூத்திரத்தைக் கலக்கவிட்டு, குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தக் கரைசலைக் காற்றுப் படாத குழியிலே தேக்குகிறோமே, அங்கே பிறக்கிறது நாற்றம்!

தென்கொரியாவிலே சோ ஹான் கியூ என்ற இயற்கை வேளாண் ஆசான் பரப்பிய முறையைக் கேளுங்கள். தரைக்குச் சிமெண்டு கிடையாது. முழங்கால் ஆழத்துக்கும் மேலாக மரத்தூள், உமி, கொஞ்சம் மண். அதன்மேல் பன்றி. சாணமும் மூத்திரமும் தூளில் இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று மக்கவைக்கின்றன. பன்றி சும்மா இருக்குமா? மூக்கால் உழுது உழுது படுக்கைக்குள் காற்றை ஏற்றுகிறது. கூலி கேட்காத உழவன்! கழுவத் தண்ணீர் வேண்டாம், சாக்கடை வேண்டாம், ஈ குறைகிறது. கடைசியில் மிஞ்சுவது வயலுக்கு எரு.

அந்த நுண்ணுயிரை எங்கே வாங்குவது? கொரிய உழவன் வாங்குவதில்லை. மரப்பெட்டியில் சோற்றைப் போட்டு, தாளால் மூடி, மூங்கில் தோப்பின் சருகுக்கடியில் வைக்கிறான். சில நாளில் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. அதோடு சர்க்கரை, பிறகு தவிடு சேர்த்துப் பெருக்கிக்கொள்கிறான். இங்கே சில வியாபாரிகள் இதையே புட்டியில் அடைத்து, மந்திரத் தண்ணீர் போலக் காசுக்கு விற்கிறார்கள். ஏமாறாதீர்கள்! காற்றும் ஈரமும் சரியாக இருந்தால், சாணத்தோடு வருகிற உயிர்களே பெருகி வேலை செய்யும். ஒரு பிடி தூளை அள்ளிப் பிழியுங்கள்: உருண்டை பிடிக்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் உலர்ந்த தூள் போட்டுக் கிளறவேண்டும். விட்டால் பழைய நாற்றமே திரும்பும்.

குறையும் உண்டு, மறைப்பானேன்? மக்கும் படுக்கை சூடேறும். மேகாலயத்தில் பராபானி ஆராய்ச்சி நிலையத்தார் இதே ஆழ்கூளக் கொட்டிலைக் கொண்டுவந்தபோது, மலைக் குளிருக்கு அந்தச் சூடு வரமாயிற்று. நம் சித்திரை வெயிலுக்கோ அது வதை. உயர்ந்த கூரை, நாற்புறமும் காற்று, ஒதுங்கிப் படுக்கத் தூளில்லாத குளிர்ந்த தரை, இவை இல்லாமல் இறங்கக்கூடாது. 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை எந்த நுண்ணுயிரும் தடுக்காது. ஓட்டல் எச்சிலைக் கொதிக்கவைக்காமல் போடாதீர்கள். அந்நியப் பன்றியைக் கொட்டிலில் சேர்க்காதீர்கள்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2012-இல் ஒரு கோடியே 3 லட்சமாக இருந்த இந்தியப் பன்றிகள் 2019 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 லட்சமாகக் குறைந்தன. 2021-இல் திருத்திய தேசியக் கால்நடை இயக்கமோ, 100 பெண்பன்றியும் 10 ஆண்பன்றியும் வைக்கும் பண்ணைக்கு 30 லட்சம் ரூபாய் வரை மானியம் என்றது. நாலு பன்றிக்காரன் நூறுக்கு எங்கே போவான்? மானியம் முதலாளிக்கு, சுருக்குக் கயிறு ஏழைக்கா?

மர அறுவை மில்லில் தூள் குவிகிறது; அரிசி ஆலையில் உமி மலைபோலக் கிடக்கிறது. ஊர் ஓரத்திலே கொஞ்சம் புறம்போக்கு, பத்துக் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கூரை, மாதம் ஒருமுறை கால்நடை டாக்டர். பன்றி பிடிக்கும் வண்டிக்கு ஆகும் செலவை நகராட்சி முதலில் இதற்குத் திருப்பட்டும். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிக் கொண்டுபோங்கள். கனவான்களுக்கு மட்டுந்தானா மனு எழுதத் தெரியும்?