பயணப் பை: குளிரைத் தாங்க மூட்டை வேண்டாம்!

போன வருஷம் பொங்கல் விடுமுறைக்குக் கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானதும், எங்கள் வீட்டில் முதலில் இறங்கியவை பரணில் கிடந்த சோலாப்பூர் போர்வைகள். கூடவே ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர். கார் டிக்கி மூட மறுத்தது. "பிள்ளைங்க குளிர்ல கஷ்டப்படக் கூடாதுங்க" என்று பிடிவாதமாக எல்லாவற்றையும் ஏற்றியது நான்தான்.

போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி. அங்கிருந்து எலும்பெல்லாம் குலுங்கும் ஜீப் பயணம். கடைசியில் கூடாரம் வரை ஏற்றத்தில் நடை. எட்டாவது படிக்கும் மகள் காட்டன் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், ஜீன்ஸ் என்று மூச்சு வாங்க ஏறினாள். "புழுக்கமா இருக்கும்மா, கழட்டிடவா?" என்றாள். "காத்து அடிக்குது, போட்டுக்கோ" என்றேன். உள்ளே பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அவள் பற்கள் கிடுகிடுக்கும் சத்தத்தில்தான் விழித்தேன். இரண்டு ஸ்வெட்டர், மேலே போர்வை. ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. "விரல் மரத்துப் போச்சும்மா" என்று சொல்லும்போது நாக்கு குழறியது. பதறிப்போய் முகாமில் சமைக்கும் தம்பியை எழுப்பினோம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, உள்ள போட்டிருக்கிற பனியன் காஞ்சிருக்கா?"

ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த சட்டையும் அவருடைய ஃப்ளீஸ் ஜாக்கெட்டும் போட்டு, சர்க்கரை தூக்கலாகக் கட்டன் சாயா கொடுத்தோம். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. எனக்குத்தான் விடியும்வரை அடங்கவில்லை.

ஊர் திரும்பியதும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். துணி சூடு தராது. நம் உடம்பின் சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிடித்து வைப்பது துணியின் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அங்கே தண்ணீர் புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகத் தண்ணீர் சூட்டைக் கடத்தும். காட்டன் வியர்வையை உறிஞ்சி விடாமல் வைத்துக்கொள்ளும். மதுரை வெயிலுக்கு அது வரம். மலைக்குளிரில் அதுவே வினை. ஜீன்ஸும் காட்டன்தான். சோலாப்பூர் போர்வையும் காட்டன்தான்!

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொழுக்குமலை 7,000 அடிக்கும் மேல். அடிவாரத்தில் இரவு 20 டிகிரி என்றால் மேலே 7, 8 டிகிரிதான். காற்று வீசினால் இன்னும் குளிராகத் தெரியும். இதற்கு மெல்லிய மூன்று அடுக்கு போதும்.

முதல் அடுக்கு, உடம்பை ஒட்டிய சட்டை. பாலியஸ்டர் தெர்மல் அல்லது மெல்லிய கம்பளி பனியன். வாங்க வேண்டாம் என்றால், பிள்ளைகளின் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டே சமாளிக்கும். வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும்.

இரண்டாவது, ஃப்ளீஸ். சுமார் 300 கிராம்தான் இருக்கும். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும்.

மூன்றாவது, காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜெர்கின். ஃப்ளீஸுக்குள் காற்று ஊடுருவிவிடும் என்பதால் இது அவசியம். உள்ளே இரண்டு அடுக்கு நசுங்காத அளவுக்குத் தொளதொளவென்று இருக்கட்டும். இறுக்கினால் காற்றுக்கு இடமில்லை.

உட்கார்ந்து கதை பேசவும் தூங்கவும் ஒரு பஃபர் ஜாக்கெட் இருந்தால் நல்லது. வாத்து இறகு அடைத்தது எடை குறைவு, ஆனால் நனைந்தால் அமுங்கிப்போகும். மூடுபனி சூழும் நம் மலைகளுக்கு சிந்தெடிக் பஞ்சு அடைத்ததே தோது, விலையும் குறைவு.

எதை வாங்கினோம் என்பதைவிட எப்போது கழற்றினோம் என்பது முக்கியம். ஏற்றம் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிரட்டும். நின்றதும் மாட்டிக்கொள்ளுங்கள். குல்லாவும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸும் மறக்காதீர்கள்.

மேலே எத்தனை போர்த்தினாலும் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். ஸ்லீப்பிங் பேகின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடுவதால், கீழே ஒரு ஃபோம் மேட் கட்டாயம் தேவை.

அந்த இரவில் இன்னொரு தப்பும் செய்ய இருந்தோம். மகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று என் கணவர் பார்பிக்யூ கரித்தட்டைக் கூடாரத்துக்குள் கொண்டுவரப் போனார். "சார், அது மட்டும் உள்ள வேண்டாம்" என்று அந்தத் தம்பி வாசலை மறித்துக்கொண்டார். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கொண்டுபோகவே கூடாது.

நடுக்கத்தோடு பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால் 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். ஈரத்தை மாற்றிக் கதகதப்பாக்குங்கள். சூடேறாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால் நிலைமை மோசம் என்று அர்த்தம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இந்த வருஷம் மறுபடி போகிறோம். போர்வைகள் பரணிலேயே இருக்கின்றன. மகள் தன் பையைத் தானே அடுக்கிவிட்டாள். எல்லாம் ஒரு ஸ்கூல் பைக்குள் அடங்கிவிட்டது. அதில் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒரு டி-ஷர்ட், ஒரு ஜோடி சாக்ஸ். கவர்மேல் மார்க்கரில் எழுதியிருக்கிறாள்: 'தூங்க மட்டும். அம்மா சொன்னாலும் முன்னாடி போடக் கூடாது!'