துக்க வீட்டில் கடவுள் எங்கே?

1873-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி. இன்னும் விடியவில்லை. அட்லாண்டிக் கடலில் சென்ற ஒரு பிரெஞ்சுக் கப்பல், வேறொரு கப்பலுடன் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 226 பேர் மாண்டார்கள்.

அமெரிக்காவில் சிக்காகோ நகர வக்கீல் ஸ்பாபோர்டின் மனைவி அன்னாவும், 4 பெண் குழந்தைகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். வேலை இருந்ததால் வக்கீல் உடன் போகவில்லை. நான்கு பெண்களையும் கடல் கொண்டு போயிற்று. அன்னா மட்டும் மீட்கப்பட்டார். தான் மட்டுமே பிழைத்ததாகக் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!

அதோடு விட்டதா? பிறகு பிறந்த ஆண் குழந்தையும் 1880-ல் காய்ச்சலில் இறந்தது.

தண்டனையா?

"இது கடவுள் கொடுத்த தண்டனை" என்று எண்ணியவர்கள் அவர்களுடைய சபையிலேயே இருந்தார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்ற பேச்சு அது. ஸ்பாபோர்டு தம்பதி அதை ஏற்கவில்லை. அந்தச் சபையை விட்டு விலகினார்கள். கடவுளை விட்டு விலகவில்லை.

லாசரு என்ற நண்பர் இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டார் என்று பைபிள் கூறுகிறது. லாசருவை உயிரோடு எழுப்பப் போவது அவருக்குத் தெரியும். அப்படியும் அழுதார்! ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கை என்பது அழாமல் இருப்பது அல்ல. அழுகிறவனோடு ஆண்டவரும் அழுகிறார். சாவு முடிவு அல்ல என்று நம்புவதே அது.

வாசலில் ஒரு குழந்தை

1881-ல் ஸ்பாபோர்டு குடும்பம் ஜெருசலேம் நகரில் குடியேறியது. முதல் உலகப் போரின்போது அங்கே பஞ்சம் வந்தது. பசித்தவர்களுக்கு அவர்களுடைய கூட்டத்தார் கஞ்சித் தொட்டி நடத்தினார்கள்.

அன்னா 1923-ல் காலமானார். 1925-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாள். நோயாளி மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஓர் ஏழை வந்தான். அன்னாவின் மகள் பெர்த்தா அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்று இரவே அவள் இறந்தாள். மறுநாள் தாயில்லாப் பிள்ளையோடு தகப்பன் பெர்த்தாவின் வாசலில் நின்றான்.

பெர்த்தா குழந்தையை வாங்கிக்கொண்டார். அதைத் தொடர்ந்து தாயார் பெயரில் ஒரு குழந்தைகள் இல்லம் ஏற்பட்டது. அது வளர்ந்து, இன்றும் அந்நகரில் குழந்தைகளுக்குத் தொண்டு செய்து வருகிறது.

கடலில் போன பெண்கள் திரும்பவில்லை. அந்தக் காயம் ஆறியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், பிள்ளைகளை இழந்த அந்தத் தாயின் பெயரால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள்!

துக்கம் கேட்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். "ஏன் இப்படி நடந்தது?" என்று காரணம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு கொண்டு போங்கள். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

'கடவுள் எங்கே?' என்று கேட்டு அழுகிறவர்களுக்கு, அப்படி நீளும் ஒரு கையே பதில்.