ஓசி மாத்திரைக்கு வீரியம் கிடையாதா?

“ஓசியில் கொடுக்கிற மாத்திரையில் என்ன வீரியம் இருக்கப்போகிறது?” கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களில் பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் இந்தப் பேச்சு ஊறிப்போயிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த அம்லோடிபின் அட்டை பிரிக்காமல் கிடக்க, சங்கரன்கோவில் மருந்துக்கடையில் கூலிப் பணத்தைக் கொடுத்து விலை கூடிய மாத்திரை வாங்குகிறார்கள். கை முடைப்படும் மாதத்தில் அதுவும் நின்றுபோகிறது. இப்படி விட்டுவிட்டுச் சாப்பிடுவதுதான் பக்கவாதத்துக்கு வழி திறக்கிறது.

விலை கூடினால் பலனும் கூடுமா என்பதற்கு விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. 2002-இல் வெளிவந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,357 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்குக் குளோர்தாலிடோன் என்ற பழைய நீர்மாத்திரை, மற்றவர்களுக்கு அம்லோடிபின் அல்லது லிசினோபிரில் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டு கவனித்ததில், மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் சமமாக நின்றன. இதயச் செயலிழப்பைத் தடுப்பதிலோ மலிவான நீர்மாத்திரையே முந்தியது. அது அமெரிக்க உடம்புக்கு என்று தள்ளவும் முடியாது. 2024-இல் முடிவு வெளியான டாப்ஸ்பின் ஆய்வில் இருந்த 1,981 பேரும் இந்தியாவில் சிகிச்சை பெற்றவர்கள். அம்லோடிபின், பெரின்டோபிரில், இன்டபமைடு மூன்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். எந்த ஜோடியைக் கொடுத்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவுக்கே இறங்கியது. ஆறு மாதத்தில் பத்துக்கு ஏழு பேர் 140/90-க்குக் கீழே வந்துவிட்டார்கள்.

மருந்து ஒன்றானாலும் சர்க்கார் சரக்கின் தரம் மட்டம் என்பார்கள். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்தில் தொகுதிவாரியாக மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. தயாரித்தவர் செய்யும் சோதனைக்கு மேல் இப்படியொரு சோதனை, கடைக்கு வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் நடப்பதில்லை. “எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்பது மட்டும் மதித்துக் கேட்க வேண்டிய புகார். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாபிரிலால் வறட்டு இருமல் வரும். சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்கு எனலாபிரில் அல்லது லோசார்டன் ஏற்றது. கர்ப்பிணிக்கு இவை இரண்டுமே கூடாது. இந்த வேறுபாடெல்லாம் நோயாளியின் உடம்பைப் பொறுத்தது, அட்டையின் விலையைப் பொறுத்ததன்று. கால் வீங்கினால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் நிலையத்து மருத்துவரிடம் காட்டி வேறு மருந்து கேட்கலாம். நடக்க முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவரிடமே சொல்லி அனுப்பலாம்.