சொல்லாமல் விட்ட வரி எது? ரீசனிங் கேள்வி கற்றுத்தரும் பாடம்

'எங்கள் மையத்தில் படித்த 120 பேர் இன்று வங்கி அதிகாரிகள். எனவே, இங்கே சேர்ந்தால் உங்களுக்கும் வேலை நிச்சயம்!' இந்த விளம்பரத்தைக் கொடுத்து, 'இதில் மறைந்திருக்கும் அனுமானம் எது?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான கேள்வி வகைதான் இது. ஆனாலும் குழப்பும். காரணம் சிம்பிள்: தேடவேண்டிய வரி கேள்வியிலேயே இருக்காது.

அனுமானம் என்றால் என்ன?

எந்த வாதத்திலும் ஒரு காரணம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும். 120 பேருக்கு வேலை கிடைத்தது காரணம். உங்களுக்கும் கிடைக்கும் என்பது முடிவு. 'அதான் எல்லாருக்கும் தெரியுமே' என்று நடுவில் சொல்லாமல் தாண்டிப் போகிறார்களே, அந்த வரிதான் அனுமானம். அது இல்லாவிட்டால் முடிவு நிற்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு ஆப்ஷனையும் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்ஷன் 1: 'வங்கி வேலைதான் சிறந்த வேலை.' இதைத் திருப்பினால், 'வங்கி வேலை சிறந்ததல்ல.' சரி, அதனால் என்ன? வேலை கிடைக்கும் என்ற முடிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே, இது விடை இல்லை.

ஆப்ஷன் 2: 'சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வேலை கிடைத்திருக்கிறது.' இதைத் திருப்பினால், 'பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை.' முடிவு அங்கேயே சரிந்துவிடுகிறது. இதுதான் விடை. அந்த மையத்தில் 3,000 பேர் சேர்ந்திருந்தால், 120 என்பது நூற்றுக்கு வெறும் 4 பேர்!

ஒரு ஆப்ஷன் நிஜத்தில் உண்மையாக இருக்கிறதே என்பதற்காக அதை டிக் செய்துவிடக் கூடாது. இந்த முடிவுக்கு அது தேவையா என்பது மட்டுமே கேள்வி.

திரும்பி வராத விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கும் இதே சிக்கல் வந்தது. போர் விமானங்களின் எந்தப் பகுதிக்குக் கூடுதல் கவசம் போடுவது? திரும்பி வந்த விமானங்களில் குண்டு அதிகம் துளைத்த இடங்களுக்குப் போடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். திரும்பி வந்தவையே எல்லா விமானங்களுக்கும் சாம்பிள் என்பது அதில் ஒளிந்திருக்கும் அனுமானம்.

நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த கணித அறிஞர் ஆபிரகாம் வால்டு, 1943-ல் இதை ஆராய்ந்தார். வீழ்ந்த விமானங்களையும் கணக்கில் சேர்த்தார். இன்ஜினில் அடிபட்ட விமானங்கள் திரும்பி வரவே இல்லை என்றால், துளை குறைவாகத் தெரியும் இன்ஜின்தானே ஆபத்தான இடம்? இந்தியாவில் விரிவுரையாற்ற வந்த வால்டு, 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.

தேர்வுக்கு வெளியே

ஃப்ளெக்ஸில் சிரிக்கும் முகங்களும் 'திரும்பி வந்த விமானங்கள்'தான். ஃபீஸ் கட்டி, வருடங்களைச் செலவழித்து, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியவர்களின் போட்டோ அதில் இருக்காது.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி மைய விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 'தேர்ச்சி நிச்சயம்' போன்ற வாக்குறுதிகளுக்கு அதில் தடை இருக்கிறது. வென்ற மாணவர் எந்த கோர்ஸில், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால், விளம்பரம் சொல்லாமல் விடும் எல்லாவற்றையும் விதிகளால் பிடித்துவிட முடியாது.

எனவே, அந்த ஒரு மார்க் கேள்வியைத் தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. சேர்வதற்கு முன்பே ரிசப்ஷனில் கேட்டுவிடலாம்: '120 பேர் ஜெயிச்சாங்க, சரி. மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தாங்க?' பதில் வந்த பிறகு ஃபீஸ் கட்டினால் போதும்.