சைக்கிளுக்கு மட்டுமா சட்டம்?

"காட்டுக்குள் சைக்கிளா? அபசாரம்!" என்கிறார்கள் கானக பக்தர்கள். ஆஸ்திரேலியாவில், கெய்ர்ன்ஸ் நகரை அடுத்த ஸ்மித்ஃபீல்டு மலையடிவாரத்தில் இளைஞர்கள் மலைச் சைக்கிள் ஓட்டுவது பற்றித்தான் இந்தக் கூச்சல். ஒருபுறம் கடல்; மறுபுறம் பாரன் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா.

நான் கேட்கிறேன்: அந்த மலையைக் குடைந்து 1891-ல் குராண்டாவுக்கு ரயில் விட்டது யார்? 1935-ல் அருவி நீரை மடக்கி மின்சாரம் எடுத்தது யார்? 1995-ல் மரங்களின் தலைக்கு மேலே ஏழரைக் கிலோமீட்டர் ரோப்கார் ஓட்டியது யார்? அதிலெல்லாம் சுகமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, சொந்தக் காலால் மிதிக்கிறவனை மட்டும் குற்றவாளி என்பது என்ன நியாயம்?

இதனால் சைக்கிள்காரனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் அந்த மண் சேறாகக் குழைகிறது. அப்போது அவன் பதிக்கிற சக்கரத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும். வகுத்த பாதையை விட்டு விலகினால், காசோவரிப் பறவையின் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவனாவான்.

பூங்கா யாருக்குச் சொந்தம்? 2004-ல் நீதிமன்றமே அங்கே ஜாபுகாய் மக்களின் பூர்வீக உரிமையை ஒப்புக்கொண்டது. அவர்களைக் கேட்டுவிட்டு நுழையட்டும், சைக்கிள்காரன். ஆனால், அவனுக்கு முன்னால் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்!