சனிக்கிழமை மாலை ஒரு தராசு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மெலிந்தாலும் கேள்வி வரும், உடம்பு வைத்தாலும் கேள்வி வரும். கொழும்புக்கோ சென்னைக்கோ போய், உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தவருக்கு இரண்டு கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் வருடம், “என்ன பிள்ளை, முகம் ஒட்டிப்போச்சு, ஏதும் வருத்தமோ?” மூன்றாம் வருடம், “இவ்வளவு காசைக் கொட்டி ஒப்பரேஷன் செய்தும் பழையபடி வந்திட்டியே.” இரண்டாவது கேள்வியைக் கேட்டபின் அவர் கலியாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார். கொஞ்ச நாளில் கிளினிக்குக்குப் போவதையும் விட்டுவிடுகிறார். கலியாண வீட்டுக்குப் போகாததால் பெரிய நட்டமில்லை. கிளினிக்கை விடுவது ஆபத்து. அவரை அங்கே தள்ளிவிட்டது ஊரின் வாய் என்பதால், அவரைத் திரும்பக் கூட்டிவரும் பொறுப்பும் ஊருக்கு உண்டு.

நிறை ஏன் திரும்பி வருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று பரவலாகச் செய்யப்படும் ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மிச்சம் ஒரு குழல்போல விடப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனைப் பெருமளவில் சுரக்கும் பகுதியும் வெட்டுப்பட்டதோடு போய்விடுகிறது. அதனால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. இரண்டு கரண்டி சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் உடம்பு அந்தப் புதிய நிலைக்குப் பழகிக்கொள்கிறது. மெலிந்த உடம்பு முன்னையைவிடக் குறைந்த சக்தியைச் செலவழித்து வாழக் கற்றுக்கொள்கிறது. பசி திரும்புகிறது, இரைப்பையும் சற்று விரிகிறது. சுவீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், இரைப்பையைச் சிறுகுடலுடன் மாற்றுவழியில் இணைக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் தங்கள் நிறையில் ஏறக்குறைய 32 வீதத்தை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அந்த இழப்பு 25 வீதமாக இருந்தது. நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டிலேயே ஒரு பகுதி நிறை திரும்பி வந்திருக்கிறது. ஆனால் மிச்சமிருந்த 25 வீதம் சிறிய தொகை அல்ல. சத்திரசிகிச்சை செய்தவர்களிடையே இறப்பும் குறைந்திருந்ததாக அதே ஆய்வு 2007இல் அறிவித்தது.

ஆகவே ஐந்து கிலோ கூடியவரைப் பார்த்து “காசெல்லாம் வீண்” என்று சொல்வது அறியாமை. அதை அவர் காதுபடச் சொல்வது கொடுமை.

நிறை கூடத் தொடங்கியவர் முதலில் வைத்தியரிடம்தான் போக வேண்டும். தைரொயிட் குறைபாடு, சில மருந்துகள், இரைப்பையில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவை காரணமா என்று பார்த்தறிய வேண்டும். அவை எதுவும் இல்லையென்றால் எஞ்சுவது ஒவ்வொரு நாளும் வாய்க்குள் போகும் உணவும், அதை ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டிய களைப்பும். அந்தக் களைப்பைத் தனி ஒருவர் வருடக்கணக்கில் சுமக்க முடியாது. குழுவின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

1961இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெச் என்ற குடும்பப் பெண், உடம்பைக் குறைக்கப் படும் பாட்டைச் சொல்லி அழ ஆள் தேடி, சில தோழிகளை வீட்டுக்கு அழைத்தார். அந்தச் சந்திப்புகள்தான் 1963இல் ‘வெயிட் வொச்சர்ஸ்’ என்ற நிறுவனமாகி உலகமெங்கும் பரவின. இங்கிலாந்தில் அரச வைத்தியர்களே நோயாளரை இவ்வாறான வாராந்தக் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே 1,267 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஒரு முறை ஆலோசனையும் ஒரு கைநூலும் பெற்றவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தார்கள். 12 கிழமை குழுவில் இருந்தவர்கள் 5 கிலோவுக்குச் சற்றுக் கீழ் குறைந்தார்கள். 52 கிழமை இருந்தவர்கள் ஏழு கிலோவுக்குக் கிட்டக் குறைந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்தியவர்களுக்காக நடத்தப்பட்ட ஆய்வு அல்ல அது. அவர்களுக்கும் இதே கணக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருமுறை சொல்லி அனுப்புவதற்கும் வருடம் முழுவதும் கூட இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்த உடம்புக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

இந்தக் குழுவை அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்க முடியாது. ஒரு ஊரில் சத்திரசிகிச்சை செய்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். சீனி வருத்தம் உள்ளவர்கள், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு வைத்தவர்கள், முழங்கால் நோவுக்காக நிறை குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் பத்துப் பேர் தேறும். சேரட்டும். ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே சாப்பாட்டுத் தாளைக் கொடுக்கக்கூடாது. சத்திரசிகிச்சை செய்தவரின் கோப்பையில் முதலிடம் புரதத்துக்கு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் அளவில் புரதம் வேண்டும் என்பார்கள். மீனோ முட்டையோ பயறோ முதலில், பிறகு கீரை, வறை, கடைசியில் இடமிருந்தால் மட்டும் புட்டு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பி12, இரும்பு, கல்சியம் போன்றவற்றை வைத்தியர் சொன்னபடி வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். தொடர்ந்து சத்தி வந்தால் குழுவில் கைவைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பட்டினி, விரதம், சூப் மட்டும் குடிக்கும் முறை எதையும் குழுவில் எவரும் அவருக்குச் சிபாரிசு செய்யக்கூடாது.

நிறையைத் திருப்பிக் கொண்டுவரும் சாப்பாடு பெரும்பாலும் வயிறு முட்டச் சாப்பிடும் சோறு அல்ல. சுருங்கிய இரைப்பையில் சோறு நிற்கும், கனக்கும். பிஸ்கட், மிக்சர், ஐஸ்கிரீம், சொதியில் ஊறிய இடியப்பம், சீனித் தேத்தண்ணி போன்றவை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்று வைத்தால் சீனி மட்டும் 40 கிராம், 160 கலோரி. வீடு தேடி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாத ஊரில் இந்தக் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை. குழுவில் எழுதலாம். சோடாப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அதை வாசிக்கப் பழகுவதே ஒரு கிழமைப் பாடம்.

சாப்பாட்டை மறுப்பது இங்கே ஏன் இவ்வளவு கடினம் என்பதையும் பேச வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பிள்ளை வளர்த்த தாய்மாரும், 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும் இன்னும் எங்கள் அடுப்படிகளில் இருக்கிறார்கள். “இன்னும் ஒரு வாய் வையுங்கோ” என்று அவர்கள் சொல்லும்போது அது வெறும் உபசாரம் அல்ல. கோப்பையில் மிச்சம் விடுவதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்லி ஒரு பயனும் இல்லை. அவரையும் ஒரு சனிக்கிழமை குழுவுக்குக் கூட்டிவர வேண்டும். மகளின் இரைப்பை இப்போது ஒரு குழலளவுதான் என்பதைத் தமிழில், படம் காட்டி, ஒரு தாதி சொன்னால் அவரே அடுத்த கலியாண வீட்டில் மகளுக்குக் காவல் நிற்பார். அடுப்படியில் அதிகாரம் உள்ளவர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

அன்னதானத்தை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றுதான் கும்பிடுகிறோம். ஆனால் பந்தி பரிமாறுகிறவர், “போதும்” என்று கையை மறித்தவரின் இலையில் மேலும் போடாமல் நகரலாம். அரை இலை கேட்பவருக்கு அரை இலை கொடுக்கலாம். திருவிழாவில் சர்க்கரைத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மோரும் வெறும் தண்ணீரும் வைக்கலாம். தர்மகர்த்தா சபைகள் ஒரு கூட்டத்தில் தீர்மானிக்கக்கூடிய விடயங்கள் இவை.

கூடிச் செய்வது எங்களுக்குப் புதிது அல்ல. மூளாயில் 1930களிலேயே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலை எழுந்தது. சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கங்களில் மாதா மாதம் கூடி, ஒருவர் கணக்கை ஒருவர் அறிய, புத்தகத்தில் பதிந்து வாழ்ந்த தலைமுறை இது. அங்கே சேமிப்பைப் பதிந்ததுபோல இங்கே நிறையைப் பதிய வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: தராசின் இலக்கம் அவருக்கும் பதிகிறவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இதற்குப் புதுத் திணைக்களம் வேண்டாம். தொற்றாநோய்களைக் கண்டறிய 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இருக்கின்றன. அங்கிருந்து மாதம் ஒருமுறை ஒருவர் குழுவுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். மிச்ச மூன்று கிழமையையும் ஊர் பார்த்துக்கொள்ளும். யாழ் மருத்துவபீடத்தினரிடமும் ஒரு வேண்டுகோள்: சத்திரசிகிச்சைக்குப் பிந்திய உணவுமுறையைத் திருக்கையும் கணவாயும் முருங்கை இலையும் குரக்கனும் ஒடியலும் உள்ள எங்கள் சமையலில் வைத்து, தமிழில், நான்கு பக்கத்தில் எழுதித் தாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களையே தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நாங்கள் கேட்பது நான்கு பக்கம்தான்.

நானூறு கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய் ஐந்து நிமிடம் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்துத் திரும்புகிறவருக்கு, வருடத்தின் மிச்ச நாட்களை இந்தக் குழுதான் தாங்க வேண்டியிருக்கும். கொழும்பிலுள்ள வைத்திய அணிகளும் நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போது, ஊரில் எந்தப் பணிமனையோடு தொடர்பு கொள்வது என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டால் நல்லது. வெளிநாட்டு உறவுகள் சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்புகிறார்கள். அதன் பிறகான ஐந்து வருட இரத்தப் பரிசோதனைக்கும் விற்றமினுக்கும் அனுப்புவதும் அதே உதவியின் பகுதி.

ஒரு கட்டுப்பாட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது. குழுவில் எவரும் எதையும் விற்கக்கூடாது. மெலிய வைக்கும் மாப்பொடி, தேயிலை, மாத்திரை எல்லாம் கூட்டம் கூடும் இடங்களைத் தேடித்தான் வரும். விற்பனை நுழைந்த நாளிலிருந்து அக்கறையோடு சொன்ன வார்த்தையையும் சந்தேகத்தோடு கேட்க வேண்டிவரும்.

அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. அதன் சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை மேசையை ஓரமாக நகர்த்தினால் பத்துக் கதிரை போடலாம். தராசுக்கு முன்னால் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டலாம். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் முடித்துவிடலாம். முதல் கிழமை மூன்று பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் படலையடியில் நின்று, உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அப்போது, “வாங்கோ அக்கா, இருங்கோ” என்று சொல்ல ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.